எண்ணெய்க் கிணறு கண்ட எட்வின் டிரேக்

உலகில் அரும்பொருளைத் தேடிக் காண்பார் ஒருவர். அதன் பயனை நுகர்வார் மற்றொருவர். இஃது எக்காலத்தும் எந்நாட்டினும் காணப்படும் இயல்பே. ஆயினும், தாம் வெளிப்படுத்திய செல்வம் தம் கண்ணெதிரே பிறர் கைக்குச் செல்லக் கண்டும், அச்செல்வத்தைப் பங்கிடும் பத்திரங்கள் நாடோறும் எழுதப்பட்ட ஊரிலேயே நீதிபதியாய் அமர்ந்திருந்தும், இறுதியில் வறுமையும் நோயும் உற்று வாடிய ஒருவரது வரலாறு நம் சிந்தனைக்கு உரியதாகும். அவரே அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பென்சில்வேனியா மாகாணத்தில், எண்ணெய்க்கென்றே நிலத்தைத் துளைத்து வெற்றி கண்ட எட்வின் லாரன்டைன் டிரேக் என்பார்.

நிலமும் நிலத்தடிப் பொருளும்

டிரேக்கின் வரலாற்றைத் தெளிவுறக் காண்பதற்கு அந்நாட்டு வழக்கமொன்றை முதற்கண் அறிதல் வேண்டும். நம் நாட்டில் ஒரு காணியின் அடியில் எண்ணெய் இருப்பின், அதனைக் காணியுடையவர் தம் விருப்பப்படி பிறர்க்குக் குத்தகை விட இயலாது; எடுக்கும் உரிமையை அரசாங்கமே வழங்கும். அமெரிக்காவிலோ நிலை வேறு. ஆங்கே தனியார் நிலங்களில், நிலமுடையவரே பெரும்பாலும் அதன் அடியிலுள்ள கனிப்பொருளுக்கும் உடையவர். மேற்பரப்பைத் தம்மிடம் நிறுத்திக்கொண்டு, கீழுள்ள எண்ணெய் உரிமையை மட்டும் அவர் விற்கலாம், குத்தகைக்கும் விடலாம். ஆதலால், ஆங்கே எண்ணெய்த் தொழிலின் முதற்படி நிலத்தைத் துளைத்தலன்று. நிலமுடையவரோடு பேசி உடன்படிக்கை முடித்தலேயாம். உளி இறங்குமுன் எழுதுகோல் இறங்கவேண்டும்.

அவ்வுடன்படிக்கை நம் ஊர்களில் வாரத்துக்கு நிலம் விடுதலைப் போன்றது. உழுபவன் குடிவாரமும் நிலமுடையவன் மேல்வாரமும் பெறுவதுபோல, எண்ணெய் எடுப்பவர் பெரும்பங்கையும் நிலமுடையவர் ஒரு சிறு பங்கையும் பெறுவர். ஆனால் வயலின் விளைவு கண்முன் நிற்பது. எண்ணெயின் விளைவோ மண்ணுக்குள் மறைந்து கிடப்பது. இருப்பதும் இல்லாததும் தெரியாத ஒரு பொருளைக் குறித்து இருவர் பேரம் பேசுகின்றனர். இதுவே அக்குத்தகையின் அருமையும் ஆபத்துமாகும்.

இளமை

டிரேக், 1819-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29-ஆம் நாள், நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த கிரீன்வில் என்னும் ஊரில் பிறந்தார். அவர் இளமைப் பருவம் அம்மாகாணத்திலும் வெர்மான்ட் மாகாணத்திலும் உழவுத் தொழிலுக்கு இடையே கழிந்தது. உயர்தரக் கல்லூரிக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. நம்மிற் பலர்க்கு இப்பொழுது உள்ள வயதாகிய பத்தொன்பதில் அவர் வீட்டை நீங்கிப் பிழைப்பைத் தேடிப் புறப்பட்டார். கடைகளிலும் விடுதிகளிலும் குமாஸ்தாவாக இருந்தார். பின்னர் இருப்புப்பாதைத் தொழிலிற் புகுந்து, நியூயார்க் - நியூஹேவன் இருப்புப்பாதையில் வண்டிக் கண்டக்டராக அமர்ந்தார்.

1854-ஆம் ஆண்டில் அவருடைய முதல் மனைவியார் காலஞ்சென்றார். 1857-ஆம் ஆண்டில் லாரா டௌட் என்னும் அம்மையாரை அவர் மணந்தார். அவ்வாண்டிலேயே உடல்நலங் குன்றியமையால் வேலையை விட்டு விலக நேர்ந்தது. அப்பொழுது அவர்பால் எஞ்சியிருந்தவை சிறிது சேமிப்பும், இரயிலில் கட்டணமின்றிச் செல்லும் அனுமதிச் சீட்டுமே. அச்சீட்டே அவரை வரலாற்றுக்குள் கொண்டு சென்றது.

முதற் குத்தகைகள்

அக்காலத்தில் விளக்கெரிக்கத் திமிங்கிலக் கொழுப்பெண்ணெய் பெரிதும் பயன்பட்டது. அதன் விலையோ நாளுக்குநாள் ஏறிற்று. நிலக்கரியினின்று எண்ணெய் வடிக்கும் முறையும் பரவி வந்தது. பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில், டைட்டஸ்வில் என்னும் சிற்றூருக்கு அருகே ஓடும் எண்ணெய் ஓடை என்னும் ஆற்றின் கரையில், ஒருவகைக் கன்னெய் தானே ஊறி நீரின்மேல் மிதந்தது. அதனை மக்கள் கம்பளித் துணியால் ஒற்றிப் பிழிந்து மருந்தாக வழங்கினர்.

அவ்விடத்தில் மரம் அறுக்கும் தொழில் நடத்திய புரூயர், வாட்சன் கம்பெனியார், 1853-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் ஆஞ்சியர் என்பவரோடு ஓர் உடன்படிக்கை செய்தனர். பழைய எண்ணெய் ஊற்றை அவர் செப்பஞ் செய்து காக்க வேண்டும், புதியன தோண்டவும் வேண்டும், செலவை விளைவினின்று கழித்தபின் எஞ்சுவதை இரு திறத்தாரும் செம்பாதியாகப் பகிர்ந்துகொள்ளவேண்டும், காலம் ஐந்தாண்டு. அமெரிக்காவில் எழுதப்பட்ட முதல் எண்ணெய்க் குத்தகை இதுவே என்பர். சில வரிகளே கொண்ட இச்சிறு சீட்டு ஒரு பெரும் பாடம் புகட்டுகின்றது. பாதிப் பங்கு என்பது கேட்க இனியதே. ஆயின் செலவு கழித்த பின் எஞ்சுவதிற் பாதி என்பது வேறு. நாளொன்றுக்கு மூன்று நான்கு காலன் எண்ணெயே கிடைத்தது. எஞ்சியது யாதுமின்மையால் முயற்சி கைவிடப்பட்டது.

அடுத்து, ஜார்ஜ் பிசெல் என்னும் வழக்கறிஞரும் அவர்தம் கூட்டாளி எவ்லெத்தும், அந்நிலத்தின் ஒரு பகுதியாகிய ஹிப்பார்டு பண்ணையை வாங்கி, 1854-ஆம் ஆண்டில் பென்சில்வேனியாக் கன்னெய்க் கம்பெனியை நிறுவினர். 1855-ஆம் ஆண்டில் யேல் கல்லூரி இரசாயன ஆசிரியராகிய இளைய சில்லிமன் அவ்வெண்ணெயை ஆராய்ந்து, அதில் ஏறத்தாழப் பாதியளவை நல்ல விளக்கெண்ணெயாக வடிக்கலாம் என்று அறிக்கை விடுத்தார். நியூஹேவன் நகரத்துச் செல்வர் சிலர் பங்கு வாங்கினர். அவருள் முதன்மையானவர் ஜேம்ஸ் டௌன்சென்ட் என்னும் பாங்குத் தலைவர். அவர் தங்கிய விடுதியிலேயே டிரேக்கும் தங்கியிருந்தார். டௌன்சென்டின் தூண்டுதலால், தம் சேமிப்பிலிருந்து 200 டாலரை டிரேக் அக்கம்பெனியில் இட்டார்.

1857-ஆம் ஆண்டு டிசம்பரில் டிரேக் டைட்டஸ்விலுக்கு அனுப்பப்பட்டார். இடத்தைப் பார்வையிடுதல் ஒன்று. நிலப் பத்திரத்தின் குறைகளை நீக்கி வருதல் மற்றொன்று. இரயில் கட்டணம் இல்லாத தூதரன்றோ! அவர்க்கு மதிப்பு உண்டாகும் பொருட்டு, டௌன்சென்ட் கர்னல் டிரேக் என்று முகவரியிட்டு முன்னதாகவே கடிதங்களை அனுப்பி வைத்தார். ஒரு நாளும் படையிற் சேவித்தறியாத டிரேக், அன்று முதல் இறுதி வரை கர்னல் என்றே அழைக்கப்பட்டார்.

அவர் திரும்பியதும், அவ்வாண்டு இறுதியில், கம்பெனியார் அந்நிலத்தை டிரேக் பெயருக்கும் பௌடிச் என்பவர் பெயருக்கும் குத்தகையாக எழுதித் தந்தனர். எடுக்கும் எண்ணெயில் காலன் ஒன்றுக்கு இவ்வளவு செண்டு எனக் கொடுப்பது அதன் நிபந்தனை. நியூயார்க்குப் பங்காளிகள், தம்மைக் கலவாது மிகக் குறைந்த வீதத்துக்கு விடப்பட்டது என்று எதிர்த்தமையால், வீதம் பின்னர் உயர்த்தப்பட்டது. குத்தகைக் காலமும் நீட்டப்பட்டது. 1858-ஆம் ஆண்டில் செனெக்கா எண்ணெய்க் கம்பெனி தோன்றி அக்குத்தகையை ஏற்றுக்கொண்டது. டிரேக், ஆண்டொன்றுக்கு 1,000 டாலர் ஊதியத்தில் அதன் பிரதிநிதியானார். ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. குத்தகைச் சீட்டில் அவர் பெயர் இருந்தது. குத்தகையின் பயனோ கம்பெனிக்குச் சேர்ந்தது. பெயர் வேறு, பங்கு வேறு என்பதை அவர் அப்பொழுது பெரிதாகக் கொண்டிலர்.

கிணறு

1858-ஆம் ஆண்டில் குடும்பத்தோடு டைட்டஸ்வில் வந்து சேர்ந்த டிரேக், உப்புக் கிணறு துளைப்பவரைத் தேடி அலைந்தார். எண்ணெய்க்காக நிலத்தைத் துளைத்தல் பித்தர் செயல் என்று எண்ணிப் பலர் வர மறுத்தனர். 1859-ஆம் ஆண்டு வேனிற் காலத்தில், வில்லியம் ஸ்மித் என்னும் கருமார் தம் மக்களோடு வந்து சேர்ந்தார். நாட்கூலி இரண்டரை டாலர். ஊரார் அவரைப் பில்லி மாமா என்று அன்புடன் அழைத்தனர்.

ஆற்றோரமாதலின் தோண்டுந்தோறும் குழியில் நீர் பெருகிற்று, மணல் சரிந்தது. டிரேக் மனந் தளர்ந்திலர். பத்தடி நீளமுள்ள வார்ப்பிரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து இறக்கி, முப்பத்திரண்டு அடி ஆழத்திற் பாறையைத் தொடச் செய்தார். அக்குழாயினூடே உளியை விட்டுப் பாறையைத் துளைப்பித்தார். இன்றும் எண்ணெய்க் கிணறுகள் பக்கச் சரிவினின்று காக்கப்படுவது இம்முறையின் வழிவந்த குழாய்களாலேயாம். இதற்கும் அவர் காப்புரிமை பெற்றிலர்.

நாளொன்றுக்கு மூன்றடியே வேலை நடந்தது. பணம் தீர்ந்தது. பங்காளிகள் கைவிட்டனர். டௌன்சென்ட் சிலகாலம் தம் சொந்தப் பணத்தையே அனுப்பினார். டைட்டஸ்வில் நண்பர் இருவர் டிரேக்கின் கடன் சீட்டில் உடன் கையொப்பமிட்டு 500 டாலர் பெற உதவினர். இறுதியில் டௌன்சென்டும் நம்பிக்கையிழந்து, கடன்களைத் தீர்த்து வேலையை நிறுத்துமாறு கடிதம் எழுதிவிட்டார்.

அக்கடிதம் வந்து சேருமுன், 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் சனிக்கிழமை மாலை, அறுபத்தொன்பதரை அடி ஆழத்தில் உளி ஒரு பிளவில் நழுவி இறங்கிற்று. வேலை நின்றது. மறுநாள் ஓய்வுநாள், ஆயினும் பில்லி மாமா கிணற்றை எட்டிப் பார்த்தார். குழாயினுள் கரிய எண்ணெய் மேலெழுந்து நின்றது. திங்கட்கிழமை டிரேக் வந்தபொழுது, அகப்பட்ட தொட்டிகளும் பீப்பாய்களும் எண்ணெயால் நிறைந்துகொண்டிருந்தன.

குத்தகை வேட்டை

ஈண்டு இரண்டு காட்சிகளை நாம் ஒருங்கே காணல் வேண்டும். கிணற்றருகே டிரேக் நின்று, எண்ணெயை இறைப்பதற்கு ஏற்றம் பொருத்திக்கொண்டிருக்கின்றார். அதே வேளையில் புரூயர், வாட்சன் கம்பெனியைச் சேர்ந்த ஜோனதன் வாட்சன், குதிரையேறி ஓடைக்கரை வழியே பண்ணை பண்ணையாகச் சென்று குத்தகை எழுதி வாங்குகின்றார். நியூயார்க்கிலிருந்த பிசெல், செய்தி கேட்டதும் கம்பெனிப் பங்குகளைக் கிடைத்த அளவு வாங்கிக் கொண்டு, விரைந்து வந்து, தாமும் நிலங்களைக் குத்தகைக்கும் விலைக்கும் பெறுகின்றார். சில திங்களில் ஓடையின் இருகரையும் குத்தகைச் சீட்டுகளால் மூடப்பட்டன எனலாம்.

வறிய உழவர்க்கு அது புதுமையான பேரம். கல்லும் சரிவும் நிறைந்த தம் நிலத்தைத் தேடிக் கோட்டும் தொப்பியும் அணிந்தோர் வருகின்றனர். மையும் தாளும் நீட்டுகின்றனர். அவருள் அவசரப்பட்டோர், கிடைத்ததே இலாபம் என்று கையொப்பமிட்டனர். பொறுத்திருந்தோர் நிபந்தனை கேட்டனர். மேல்வாரம் எட்டில் ஒரு பங்கு முதல் பாதி வரையிற் சென்றது. நல்ல இடங்களுக்குக் கையொப்பமிடும்பொழுதே முன்பணமும் கொடுக்கப்பட்டது.

பேரத்தின் நுட்பம் பங்கின் அளவோடு முடிவதன்று. எண்ணெய் மண்ணுக்குள் ஓரிடத்தே நில்லாது அழுத்தம் குறைந்த பக்கம் நகரும் இயல்பினது. அண்டை நிலத்துக் கிணறு நம் நிலத்தடி எண்ணெயையும் இழுத்துக்கொள்ளும். பென்சில்வேனியா உயர்தர நீதிமன்றம் 1889-ஆம் ஆண்டு வழக்கொன்றில், எண்ணெயையும் வாயுவையும் காட்டு விலங்குகளோடு ஒப்பிட்டது; தன் நிலத்தினுள் வந்ததைப் பிடித்தவனுக்கே அஃது உரியது என்பது கருத்து. ஆகவே குத்தகை பெற்றவர் சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வாளா இருப்பாராயின், நிலமுடையவர் பங்கு எழுத்தளவில் இருக்க, எண்ணெய் பக்கத்து நிலத்தான் பீப்பாய்க்குச் சென்றுவிடும். இதனை உணர்ந்தோர், இத்துணைத் திங்களுக்குள் துளைத்தல் தொடங்க வேண்டும், இன்றேல் குத்தகை அழியும் என்று எழுதுவித்தனர். பிற்காலத்தில், துளைப்பதைத் தாமதிப்போர் ஆண்டுதோறும் தாமத வாடகை கொடுக்கும் வழக்கமும் உண்டாயிற்று.

மற்றொரு பக்கமும் உண்டு. துளைப்பவர் தம் முதலை எல்லாம் மண்ணில் இறைக்கின்றார். வறுங்குழியாயின் அவர்க்கே முழு நட்டம், நிலமுடையவர்க்கு அதில் இழப்பில்லை. ஆகவே எண்ணெய் தோன்றினால், அது வற்றும் வரையில் குத்தகை நீடிக்க வேண்டும் என்று அவர் கேட்பதும் நியாயமே. விலையின் ஏற்றத்தாழ்வோ மிகக் கொடிது. 1860-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பீப்பாய் ஒன்றுக்கு இருபது டாலர் அளவு விற்ற எண்ணெய், 1861-ஆம் ஆண்டு இறுதியில் பத்துச் செண்டுக்கு இறங்கிற்று. உள்ளிருந்த எண்ணெயினும் வெறும் பீப்பாயே விலை மிகுந்தது! அந்நாளில் மேல்வாரத்தை எண்ணெயாகப் பெறுவதா, பணமாகப் பெறுவதா, பீப்பாய்ச் செலவு யாரைச் சாரும் என்னும் ஒவ்வொரு சொல்லும் ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தாங்கி நின்றது.

டிரேக்கின் பிற்காலம்

இவ்வேட்டையில் டிரேக் கலந்துகொண்டிலர். முதற் குத்தகையில் தம் பெயர் கண்டவர், பத்திரங்களின் குறை தீர்க்கவே முதன்முதல் அவ்வூருக்கு வந்தவர், தமக்கென ஓடைக்கரையில் ஒரு பண்ணையையும் குத்தகைக்கு எடுத்திலர். 1859-ஆம் ஆண்டு அக்டோபரில் கிணற்று மரக்கோபுரமும் சேமித்த எண்ணெயும் தீப்பற்றி எரிந்தன. அவர் மீண்டும் கட்டினார். ஆழ்ந்த புதுக் கிணறுகள் ஆயிரக்கணக்கான பீப்பாய்களை வாரி இறைத்தபொழுது, அவர் கிணறு 1861-ஆம் ஆண்டளவில் ஓய்ந்தது. கம்பெனியோடு அவர்க்கிருந்த தொடர்பும் அற்றது.

1860-ஆம் ஆண்டில் ஊரார் அவரைச் சமாதான நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தனர். நிலங்கள் கைமாறிய வேகத்தில் அப்பதவிக்கு வருவாய் நன்றாகவே இருந்தது. பிறர்தம் பத்திரங்களுக்கு முத்திரையிட்ட அக்கை தமக்கென ஒன்று எழுதிக்கொள்ளவில்லை என்பதை நினைக்குங்கால் நெஞ்சம் நைகின்றது. டைட்டஸ்விலில் தாம் வாங்கியிருந்த நிலத்தையும் விலை ஏறுமுன் விற்றுவிட்டு, 1863-ஆம் ஆண்டில் நியூயார்க் நகர் சென்று எண்ணெய்ப் பங்கு வாணிகத்தில் ஈடுபட்டார். 1866-ஆம் ஆண்டளவில் சேமித்தது அனைத்தும் கரைந்தது. முதுகெலும்பைப் பற்றிய நோய் அவரை நடக்கவொட்டாது முடக்கிற்று. நியூஜெர்சியிற் குடும்பம் வறுமையில் உழன்றது.

ஒருநாள் நியூயார்க் வீதியில், கந்தலுடையோடு தள்ளாடிச் சென்ற அவரை டைட்டஸ்வில் நண்பர் ஒருவர் கண்டு திடுக்கிட்டார். செய்தி ஊருக்கு எட்டியது. நன்றி மறவாத டைட்டஸ்வில் மக்கள் நாலாயிரம் டாலருக்கு மேல் திரட்டி அனுப்பினர். 1873-ஆம் ஆண்டில் பென்சில்வேனியாச் சட்டசபை அவர்க்கு ஆண்டுதோறும் 1,500 டாலர் உபகாரச் சம்பளம் வகுத்தது. அவர் கண்டெடுத்த பொருளால் அம்மாகாணம் பெற்ற செல்வத்தோடு நோக்கின் அஃது ஒரு துளியே. ஆயினும் அத்துளியால் அவர் உயிர் தழைத்தது. பெத்லஹேம் என்னும் ஊரில், 1880-ஆம் ஆண்டு நவம்பரில், அவர் உயிர்நீத்தார். 1901-ஆம் ஆண்டில், எண்ணெய்ச் செல்வர் ஹென்றி ராஜர்ஸ் என்பாரின் பொருளுதவியால், டைட்டஸ்வில் கல்லறைத் தோட்டத்தில் அவர்க்கு அழகியதொரு நினைவுச் சின்னம் எழுந்தது. அடுத்த ஆண்டு அவர் உடல் அங்கே கொணர்ந்து அடக்கஞ் செய்யப்பட்டது.

நாம் அறிவது

குதிரையேறிச் சென்ற வாட்சன் பெருஞ்செல்வரானார். ஆனால் பிற்காலத்தில் அச்செல்வத்தை இழந்தார். பிசெல் தாம் பயின்ற டார்ட்மத் கல்லூரிக்கு உடற்பயிற்சிக் கூடம் கட்டித் தந்து புகழ் பெற்றார். டிரேக்கின் பெயரோ, செல்வம் சேராவிடினும், எண்ணெய்த் தொழில் உள்ள அளவும் நிற்கும்.

இதனால் புகழே போதும், பங்கு வேண்டா என்று கூறுதல் பொருந்தாது. புகழ் அவர் மனைவி மக்களின் பசியை ஆற்றவில்லை. இரந்தும் நன்றியால் ஈந்தும் பெற்ற பொருளை, முதலிலேயே நேர்மையான ஓர் ஒப்பந்தம் உரிமையாகத் தந்திருக்கும். நிலமுடையவர்க்கு ஒரு பங்கு, முதலிட்டவர்க்கு ஒரு பங்கு என எழுதிய சீட்டுகளில், முயன்று கண்டவர்க்கு ஒரு வரியும் இடம் இல்லாமற் போயிற்று. அதனை எழுதச் சொல்லாதது டிரேக்கின் குறையாயின், எழுத நினையாதது அவர் உழைப்பாற் பயன்பெற்றோரின் குறையேயாம்.

தோழர்களே! நாளை நம்முள் சிலர் உழைப்பை விற்போராகவும், சிலர் பிறர் உழைப்பை வாங்குவோராகவும், சிலர் அவ்விருவர்க்கும் இடையே பத்திரம் எழுதுவோராகவும் இருக்கக்கூடும். பத்திரத்தில் தம் பங்கைக் கேட்பது பேராசையன்று, முன்னறிவே. கேட்க அறியாதவன் பங்கையும் கேளாமலே எழுதி வைப்பது அதனினும் சிறந்தது, அஃது அறம். டைட்டஸ்வில் ஓடைக்கரையில், அந்தப் பழங்கிணற்றின் மேல், அன்றிருந்த வடிவிலேயே ஒரு மரக்கோபுரம் மீண்டும் எழுப்பப்பட்டுக் காட்சிச் சாலையாக விளங்குகின்றது. அதனைக் காண்பவர் எண்ணெயை மட்டும் நினைந்து செல்வாராயின் பாதியே கண்டவராவர். அதனைக் கண்டவர் வெறுங்கையோடு நின்றதையும் நினைந்தாரே முழுதும் கண்டவராவர்.